மிச்சம் இரண்டு

மார்ச் காற்று டோர்ஷாவ்ன் துறைமுகத்தில்
பாய்மரக் கம்பிகளை அடித்துக்கொண்டிருக்க
நான் படகு நேர அட்டவணையின்
தோலை உரித்துக்கொண்டிருந்தேன்.

வலது சொடுக்கு. ஆய்வுக் கருவி.
பக்கம் மீன்போலப் பிளந்து கிடந்தது.
பெட்டிக்குள் பெட்டி, அதற்குள்ளும் பெட்டி.
ஒவ்வொன்றின் இடைவெளியும்
ஊதாவில், பச்சையில்
முள் முள்ளாய்த் தெரிந்தது.

அறுநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் ஒரு குறிப்பு:
"இதைத் தொடாதே. ஏன் வேலை செய்கிறது என்று
எனக்கும் தெரியாது. ரோக்வி."

கீழே இருநூற்றுப் பதினான்கு வரிகள்,
ஒரு பெட்டியை நடுவில் நிறுத்த.
நடுவில் நிறுத்த!
முட்டுக் கொடுத்து,
அந்த முட்டு சாயாமல் இன்னொரு முட்டுக் கொடுத்து,
செத்துப்போன ஒரு பிரவுசரின் கோணல் புத்திக்காக
எல்லாவற்றையும் ஒரு பிக்சல் இடப்பக்கம் தள்ளி,
பிறகு ஒரு பிக்சல் வலப்பக்கம் இழுத்து.

இப்போது நடு எதுவென்று
பிரவுசருக்கே தெரியும். இரண்டு வரி போதும்.
உள்ளே இருப்பது என்ன என்று எட்டிப் பார்த்து
வெளிப்பெட்டி தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது.
திரை எவ்வளவு அகலம் என்று கேளாமல்
தனக்குக் கிடைத்த இடத்தை மட்டும் அளந்து
அட்டவணை அடக்கமாய் மடிகிறது.

ரோக்விக்கு எழுதினேன்.
அவன் இப்போது சால்மன் பண்ணையில்
கூண்டு பார்ப்பவன்.
இன்றும் வலைதான், கொஞ்சம் ஈரம் அதிகம்.
"உன் வரிகளை அழிக்கப் போகிறேன்."
உடனே பதில்:
"மூன்று இரவு. ஒரு காதலி. அழி."

அழித்தேன்.
ஒன்றும் விழவில்லை.
காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்,
ஒன்றும் விழவில்லை.

அன்று தோற்றது நான் ஒருத்தி மட்டுமே:
ஆசை ஆசையாய் நான் தேர்ந்த பனிமூட்டச் சாம்பலுக்கு
நிறமுரண் சோதனைக் கருவி
இரண்டு புள்ளி ஒன்பது போட்டது. நாலரை வேண்டும்.
கருவியோடு வாதாட முடியாது, செய்து பார்த்தேன்.
எழுத்தைக் கருப்பாக்கினேன்.

கடைசியாக ஆதரவுப் பட்டியல்:
எந்தப் பிரவுசருக்கு இந்தப் புதுமை புரியும்?
பச்சை, பச்சை, பச்சை.
தொண்ணூற்றெட்டு விழுக்காடு.
ஓரத்தில் வெளிறிய சிவப்பாய் மிச்சம் இரண்டு.
அது யார் என்று பட்டியல் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
வெளியிட்டேன்.

வியாழக்கிழமை இரவு பிரெஸ்டிர் அழைத்தான்,
நோல்சோய் தீவின் படகுத்துறைக் காத்திருப்பறையிலிருந்து.
அங்கே சுவரில் திருகு போட்டு முடுக்கிய
பழைய டேப்லெட் ஒன்று இருக்கிறது.
அதற்குப் புதுப்பிப்பு வருவது நின்று வருடங்கள் ஆகின்றன.
"ஏழு மணிப் படகும் பத்து மணிப் படகும்
ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன" என்றான்.
"கடலில் நடந்தால் என்னைத்தான் கேட்பார்கள்."

பிறகு, குரலைத் தாழ்த்தி:
"ரெண்டு பேர் கடைசிப் படகை விட்டுட்டாங்க.
ஒருத்தி மடியில் கேக் பெட்டி வைத்திருக்கிறாள்.
அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள்,
உங்க பக்கத்து ஊர்லதான்."

இரண்டு பேர்.

நோல்சோய் என் ஜன்னலில் தெரியும் தீவு.
கையை நீட்டினால் விளக்குகளை எண்ணலாம்.
இவ்வளவு பக்கத்திலா இருந்தது
அந்த வெளிறிய சிவப்பு?

ரோக்வியின் முட்டுகளைத் திரும்ப நடவில்லை.
முதலில் எல்லோருக்கும் வெறும் அட்டவணை:
மணி, துறை, மணி, துறை.
எந்தக் கிழட்டு டேப்லெட்டும்
எழுத்துக்கூட்டி வாசிக்கும்படி.
அதன்பின் பிரவுசரிடம் ஒரு கேள்வி:
உனக்கு இது தெரியுமா?
தெரியும் என்பவற்றுக்கு மட்டும்
மடிப்பும் நிறமும் மற்ற மினுக்கும்.

இணைய வேகத்தைக் குறைக்கும் கருவியை
நத்தை அளவுக்குத் திருகிவிட்டுப் பார்த்தேன்.
மணி முதலில் வந்தது.
அழகு அப்புறம், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

இரவு ஒன்றரைக்கு
அந்த வெறும் அட்டவணையின் தலைமாட்டில்
நானும் ஒரு குறிப்பு எழுதினேன்:

"இதைத் தொடாதே.
ஏன் என்று தெரியும்.
நோல்சோய், வியாழக்கிழமை, ஒரு கேக்."